குகனின் அப்பா

நாதன் அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். போன மாதம், ஒரு சனிக்கிழமை. போனில் அவருடைய பக்கத்து வீட்டுப் பவளம் அக்கா.

"ரீச்சர், நாதன் அண்ணை போட்டார். காலமை எழும்பேல்லை. நாங்கள் இப்பதான் கண்டனாங்கள்."

நேரம் பகல் பன்னிரண்டரை.

"குகன்?" என்று கேட்டேன்.

"பக்கத்திலதான் கிடந்தவன். தேப்பன்ரை சேட்டைப் பிடிச்சபடி. விடுறான் இல்லை. விரலை ஒவ்வொண்டா எடுக்கவேண்டிக் கிடந்தது."

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நாதன் அண்ணையைக் கட்டிலில் கிடத்தி முகம் துடைத்திருந்தார்கள். குகனை அறையின் மூலையில் பாயில் விட்டிருந்தார்கள். முந்தின நாள் மாலை உடுத்த சாரம் அப்படியே நனைந்து கிடந்தது. கால் முழுவதும் எறும்பு கடித்துத் தடித்திருந்தது. முப்பத்திநாலு வயதுப் பிள்ளை. நடக்கத் தெரியாது, பேசத் தெரியாது, பசித்தால் கத்த மட்டும் தெரியும்.

"இவன் கத்தேல்லையோ அக்கா?"

பவளம் அக்கா அழுதுகொண்டே சொன்னா: "கத்தினவன்தான். விடியக் காத்தாலை இருந்து கத்தினவன். எப்பவும் கத்துறவன்தானே எண்டு நான் இருந்திட்டன்."

நயினாதீவில் அவரை மனேச்சர் என்றும் நாதன் அண்ணை என்றும் அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் கொடுத்த நினைவு மலரில் 'குடும்பமே கோயிலென வாழ்ந்தவர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது உண்மைதான். அப்படி வாழ்ந்ததற்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று அந்த மலரில் இல்லை. எனக்குத் தெரிந்ததை நான் சொல்லுகிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன் குறிகட்டுவானுக்குப் போகும் படகில்தான் அவரோடு முதலில் கதைத்தேன். அதற்கு முன்பு அவர் மனேச்சராக இருந்த கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனியும் மாவும் வாங்கியதோடு சரி. என் மகள் ஆரணிக்கு அப்போது மூன்று வயது. கழுத்து நிற்காது. யாழ்ப்பாணத்தில் கிளினிக். ஆட்கள் பார்க்காதபடி அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு துவாயால் மூடி மடியில் வைத்திருந்தேன். நாதன் அண்ணை குகனை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வந்தார். அவருக்கு அப்போது அறுபதை எட்டும் வயது. குகனுடைய கால்கள் அவருடைய முழங்காலுக்குக் கீழே தொங்கி ஆடின.

எதிரில் ஒரு கர்ப்பிணிப் பெண் தாயோடு இருந்தாள். தாய் அவள் முகத்தைக் கையால் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினா.

"உதைப் பாக்காதை. பிள்ளைத்தாச்சியள் உதுகளைப் பாக்கக்கூடாது."

மெதுவாகச் சொன்னதாக நினைத்திருப்பா. படகில் எல்லோருக்கும் கேட்டது. நாதன் அண்ணை குகனை இறக்கி இருத்தி, தன் முதுகு அந்தப் பெண்ணின் பக்கம் இருக்குமாறு திரும்பி, அவனை மறைத்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"துவாயை எடும், தங்கச்சி. பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது."

நான் எடுக்கவில்லை. அவரே கையை நீட்டி விலக்கினார். ஆரணியின் முகம் வியர்த்துச் சிவந்திருந்தது. நான் பெற்ற பிள்ளைக்கு மூச்சு முட்டுவது எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

அந்த நாட்களில் நான் ஆரணியை யாழ்ப்பாணத்தில் ஒரு நாட்டு வைத்தியரிடமும் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். எண்ணெய் தடவி, கால் இரண்டையும் பலகையில் வைத்துக் கட்டுவார். ஆறு மாதத்தில் நடப்பாள் என்று சொல்லியிருந்தார். கட்டும்போது அவள் கத்துவாள். வீட்டிலும் காலையும் மாலையும் நான் கட்டவேண்டும். கடைக்குப் போகிற வழியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு நாதன் அண்ணை ஒரு நாள் வீட்டுக்குள் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ நடக்கமாட்டா, தங்கச்சி."

"அதை நீங்கள் எப்பிடிச் சொல்லுவியள்?"

"நானும் இவன்ரை காலைக் கட்டினனான். நாலு வருசம். இவன் கத்தக் கத்தக் கட்டினனான். ஒரு நாள் கால் முறிஞ்சுபோச்சு. அதுக்குப் பிறகுதான் நிப்பாட்டினனான்."

அவரை வீட்டைவிட்டுப் போகச் சொன்னேன். உங்கள் பிள்ளை நடக்காதபடியால் ஊரில் ஒரு பிள்ளையும் நடக்கக்கூடாதோ என்று கேட்டேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் நான் பலகையை விடவில்லை. ஆரணி என்னைக் கண்டாலே நடுங்கத் தொடங்கிய பிறகுதான் அவரைத் தேடிப் போனேன். கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் கணவருக்கும் அன்றுதான் போனில் சொன்னேன், மகள் நடக்கமாட்டாள் என்று. அதை எனக்கு முதலில் சொன்ன ஆள் நாதன் அண்ணைதான். டாக்டர்மார் சொல்லத் தயங்கினார்கள், ஐயர் பரிகாரம் சொன்னார், சொந்தக்காரர் ஆளுக்கொரு கோயில் சொன்னார்கள்.

அவரிடம் நான் படித்தது எல்லாம் சின்ன விஷயங்கள். நாடியைக் கீழே சாய்த்து, கரண்டியைக் கீழிருந்து கொண்டுபோக வேண்டும். மேலிருந்து கொடுத்தால் புரைக்கேறும். தூக்கும்போது நாரியை வளைக்காமல் முழங்காலை மடிக்க வேண்டும். படுத்த பக்கமே கிடக்க விடாமல் புரட்ட வேண்டும். "முன்னேத்தப் பாக்காதையும். நோகாமல் வைச்சிரும். அது காணும்" என்பார். ஆரணிக்கு ஒரு கதிரை செய்து தந்தார். தலை சாயாமல் இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்தது. இன்னும் அதில்தான் இருக்கிறாள். வளர வளர அவர் வந்து அகட்டித் தந்துகொண்டிருந்தார்.

கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பாய் போட்டுக் குகனை வைத்திருப்பார். மணக்கிறது என்று சிலர் சங்கத்தில் முறைப்பாடு கொடுத்தார்கள். அதன் பிறகு அவனை ஒரு நாளைக்கு மூன்று தரம் கழுவினார். வீட்டில் விட்டுவிட்டு வரலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்போதுதான் செத்துப்போன மனைவி கமலாக்காவைப் பற்றிச் சொன்னார். மார்பில் ஒரு கட்டி வந்திருக்கிறது. குகனை விட்டுவிட்டுப் பட்டணத்துக்குக் கிளினிக் போக ஆளில்லை. போவம், போவம் என்று ஒன்றரை வருடம் போனது. பிறகு போனபோது டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டாராம்.

"நான் ஒரு கிழமை கடையைப் பூட்டியிருந்தால் அவ தப்பியிருப்பா. நான் பூட்டேல்லை. அவவும் கேக்கேல்லை. எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லிப் பழகின மனிசி. நீர் ஏலாது எண்டு சொல்லப் பழகும், தங்கச்சி. தாய் செத்தால் இப்பிடிப் பிள்ளையளை ஒருத்தரும் பாக்காயினம்."

கமலாக்கா செத்தபோது குகனுக்குப் பதினைந்து வயது, தங்கை வதனிக்குப் பதினொன்று. வதனியை அவர் தலைவாரிப் பின்னலிட்டுப் பாடசாலைக்கு அனுப்பினார். அவள் பெரியபிள்ளையானபோது வெட்கப்பட்டு வெட்கப்பட்டுப் பவளம் அக்காவிடம் கேட்டுக் கேட்டு எல்லாம் செய்தார். அப்படி வளர்த்த பிள்ளைக்குத்தான் அந்தக் கலியாணத்தையும் செய்துவைத்தார்.

வதனிக்கு மூன்று இடத்தில் பேச்சுக் குழம்பியது. பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீர் குடிக்கும்வரை நன்றாக இருப்பார்கள். உள் அறையில் குகன் சத்தம் போட்டதும் கோப்பையை வைத்துவிடுவார்கள். மூன்றாவது வீட்டார் பரம்பரை வருத்தமோ என்று வதனியிடமே கேட்டார்கள். நாலாவதாக லண்டனிலிருந்து ஒரு இடம் வந்தது. வவுனியாப் பக்கத்துக் குடும்பம், தீவுப் பக்கம் யாரையும் தெரியாது. நாதன் அண்ணை தரகரிடம் சொன்னார்: "மூத்தவன் சுவிஸில் இருக்கிறான் எண்டு சொல்லும்."

அன்று நான் அங்கே இருந்தேன். வதனி குசினியிலிருந்து கையில் மாவோடு ஓடிவந்தாள்.

"அண்ணாவை இல்லையெண்டு சொல்லி எனக்கொரு கலியாணம் வேண்டாம், அப்பா."

"இல்லையெண்டு ஆர் சொன்னது? சுவிஸில எண்டுதானே சொன்னனான்."

"எனக்கு வேண்டாம். நான் இருந்து அண்ணாவைப் பாக்கிறன்."

நாதன் அண்ணையின் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "நீ இருந்து? நான் செத்தாப் பிறகு ரெண்டு பேரும் ஒரு அறைக்குள்ள கிடந்து நாறப்போறியளோ? இவன்ரை மூத்திரம் அள்ளியே உன்ரை கொம்மா செத்தவ. நீயும் சாகப்போறியோ? போ. போய்ப் பிள்ளை பெறு. இவனை மற!"

குகன் அந்தச் சத்தத்துக்குச் சிரித்தான். யார் பலமாகப் பேசினாலும் அவனுக்குச் சிரிப்பு வரும். வதனி மாவுக் கையோடு நிலத்தில் இருந்து அழுதாள். அவர் அவளைத் தேற்றவில்லை.

கலியாணம் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஊரிலிருந்து இருபது பேர்வரை போனார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். குகன் அன்று என் வீட்டில் இருந்தான். விடியற்காலையில் கொண்டுவந்து விட்டுப் போனார். பகல் முழுவதும் அவன் சாப்பிடவில்லை. வாசலையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். பின்னேரம் கடைசிப் படகில் நாதன் அண்ணை பட்டுவேட்டியோடு வந்து இறங்கினார். பொட்டலத்தில் கலியாணச் சோறு. சால்வையை மடித்து வைத்துவிட்டுக் குகனுக்குத் தீத்தத் தொடங்கினார்.

"எல்லாம் நல்லா நடந்துதோ, அண்ணை?"

"ஓம். மாப்பிளையின்ரை தேப்பன் நல்ல மனிசன். மகன் சுவிஸில எவடம் எண்டு கேட்டார். சூரிச் எண்டனான். அங்கை இப்ப குளிரோ எண்டு கேட்டார். ஓம், நல்ல குளிர் எண்டு சொன்னனான்."

பிறகு குகனுடைய வாயைத் துடைத்தார். "தங்கச்சியின்ரை கலியாணச் சோறடா ராசா. நல்லாத் தின்."

பொய் ஒரு நாளோடு முடிகிற காரியமில்லை. வதனியை விசா வரும்வரை யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டிலேயே வைத்திருந்தார். லண்டன் போன பிறகு ஆறு வருடத்தில் அவள் ஒரே ஒரு தடவை வந்தாள், தனியாக, பத்து நாள். மருமகன் கூட வர ஆசைப்பட்ட ஒவ்வொரு முறையும் நாதன் அண்ணை ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தார். கடல் கொந்தளிப்பு, வீடு திருத்த வேலை, தனக்குக் காய்ச்சல். இரண்டு பேரப்பிள்ளைகளையும் போனில் மட்டும்தான் கண்டார். ஒரு பேரனையாவது தூக்க வேண்டும் என்ற ஆசையை என்னிடம் ஒளிக்கவில்லை. "வந்தால் எல்லாம் தெரிஞ்சிடும்" என்று அந்தப் பேச்சை முடித்துவிடுவார்.

சாவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சில் அடைப்பு என்று டாக்டர்மார் சொன்னார்கள். வார்டில் நிறுத்திச் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள். அவர் கையெழுத்து வைக்காமல் திரும்பி வந்துவிட்டார். அடுத்த நாள் காலை நான் போனபோது முற்றத்தில் குகனை இருத்தி முகம் வழித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் வழிப்பார். தன் தாடியைக் கிழமைக்கு ஒருமுறைதான்.

"தங்கச்சி, உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். எனக்குப் பிறகு இவனைப் பாப்பீரோ?"

அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பல வருடமாகத் தெரியும். ஆரணிக்குப் பதினொரு வயது. அவளைத் தூக்கியே எனக்கு நாரி விட்டுப்போகிறது.

"ஏலாது, அண்ணை."

அவர் சவரக் கத்தியைத் தண்ணீரில் கழுவினார். கழுவி முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை. "ஓம். ஏலாதுதான்" என்றார். பிறகு குகனுடைய கன்னத்தைத் தடவிச் சரிபார்த்தபடி, மழையைப் பற்றிக் கதைக்கிற குரலில் சொன்னார்: "அப்பிடியெண்டால் இவன் எனக்கு முன்னம் போகவேணும். நான் அம்மாளாச்சியிட்டை அதைத்தான் கேக்கிறனான். ஒவ்வொரு வெள்ளியும் கேக்கிறனான்."

அம்மன் அதைக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, நானும் கொடுக்கவில்லை.

செத்த வீட்டுக்கு வதனியும் கணவன் பிரதீபனும் மூன்றாம் நாள் வந்தார்கள். அதற்குள் மரண அறிவித்தல் ஒட்டியாகிவிட்டது. பட்டணத்தில் இருக்கும் ஒரு மருமகன்முறையானவர் அச்சிட்டு அனுப்பியது. அவருக்குப் பழைய கதைதான் பழக்கம். 'குகன், சுவிஸ்; வதனி, லண்டன் ஆகியோரின் பாசமிகு தந்தையும்' என்று குறிகட்டுவான் இறங்குதுறையில், படகில், எங்கள் சந்தியில் எல்லாம் ஒட்டியிருந்தது. பிரதீபன் அதை வாசித்துக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டு முற்றத்தில் கிரியை தொடங்கும் நேரம் அவர் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்:

"மச்சான் இன்னும் வந்து சேரேல்லையோ? கொள்ளி வைக்க அவர் வேணுமே."

பந்தலுக்குள் அறுபது பேர் இருந்திருப்பார்கள். ஐயர் தர்ப்பையைத் திருத்தினார். கதவு சாத்திய அறைக்குள், யன்னலோரமாக, குகனுக்கு வாயில் ஒரு வாழைப்பழத் துண்டு கொடுத்து நான்தான் அவனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வதனி எழும்பி வந்து கதவைத் திறந்தாள். அவனுடைய எச்சிலைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இதுதான் என்ரை அண்ணா" என்றாள்.

பிரதீபன் வாசலில் நின்றார். அவர் கத்துவார், போய்விடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, குகனைத் தூக்க வந்தார். தூக்கத் தெரியவில்லை. முழங்காலை மடியுங்கோ என்று நான் சொன்னேன். பெண்கள் நாங்கள் சந்தியோடு நின்றுவிட்டோம். பிரேதத்துக்குப் பின்னால் அவர் குகனைச் சுமந்துகொண்டு சுடலைக்குப் போனார். அங்கே குகனுடைய மடங்கிய விரல்களைத் தன் கைக்குள் வைத்துக் கொள்ளியைப் பிடித்தாராம். நெருப்பைக் கண்டதும் குகன் சிரித்தானாம்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து எல்லோரும் போனபிறகு பிரதீபன் கிணற்றடியில் என்னிடம் வந்தார்.

"ரீச்சர், மாமா என்னோடை ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறவர். ஆறு வருசம். பின்னுக்கு ஒரு சத்தம் கேக்கும். ஒரு நாள் என்ன சத்தம் மாமா எண்டு கேட்டன். நாய் எண்டு சொன்னவர்."

அவர் கிணற்றுக்கட்டில் குந்தினார்.

"பிறகு நான் ஒவ்வொரு முறையும் பகிடியாக் கேப்பன், மாமா உங்கடை நாய் எப்பிடி இருக்கு, சாப்பிட்டுதோ எண்டு. அவர் சொல்லுவார், ஓம் தம்பி, சாப்பிட்டிட்டுது எண்டு. ஒவ்வொரு ஞாயிறும் கேட்டிருக்கிறன், ரீச்சர்."

வதனியைக் கட்டியிருப்பீர்களா, தெரிந்திருந்தால், என்று நான் கேட்கவில்லை. அவர் தானாகவே சொன்னார். "ஓம் எண்டிருப்பனோ தெரியாது. ஆனால் கலியாணம் முடிஞ்சாப் பிறகாவது சொல்லியிருக்கலாம். நான் வந்து அந்த மனிசனை ஒருக்காப் பாத்திருப்பன்."

குகனை லண்டனுக்குக் கொண்டுபோக வழியில்லை. நான்கு இடத்தில் கேட்டார்கள். பெருநிலத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் இடம் தந்தது. வதனி புறப்படுவதற்கு முதல்நாள் அவனைக் கொண்டுபோய் விட்டார்கள். இறங்குதுறையில் அவனைப் படகுக்குள் ஏற்றும்போது யாருடைய முதுகில் இருக்கிறோம் என்று பார்க்கத் தலையைத் திருப்பித் திருப்பி முயன்றான். மூன்று தரம் முயன்றுவிட்டு விட்டுவிட்டான்.

போன சனிக்கிழமை நான் அவனைப் பார்க்கப் போனேன். கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்லமாட்டேன். நாற்பது பேருக்கு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். குகனுக்குத் தலையை மொட்டை அடித்திருந்தார்கள், தாடி வளர்ந்திருந்தது. ஆளில் பாதி இல்லை. கரண்டியை மேலிருந்து கொடுத்தார்கள், புரைக்கேறியது, ஏறும் என்று தெரிந்து அவன் வாயைத் திறக்கப் பயந்தான். நான் நாடியைச் சாய்த்துத் தீத்தினேன். ஒரு கோப்பை முழுவதும் சாப்பிட்டான். கத்தவில்லை. கத்தினால் யாரும் வருவதில்லை என்று ஒரு மாதத்துக்குள் பழகிவிட்டான்.

புறப்படும்போது பொறுப்பாக இருந்த அம்மா ஒரு தாளை நீட்டினா.

"இவன்ரை தங்கச்சி வெளிநாட்டில எண்டபடியால் இஞ்சை ஆரும் ஒராள் கையொப்பம் வைக்கவேணும். இப்பிடியான பிள்ளையள் கனகாலம் இராயினம். நடந்தால் பிரேதத்தைப் பொறுப்பெடுக்க ஆள் வேணும். நீங்கள் என்ன முறை?"

முறை ஒன்றும் இல்லை என்றேன். பரவாயில்லை, முகவரி இருந்தால் போதும் என்றா. உயிரோடு இருக்கும் குகனை ஏலாது என்று சொன்ன நான், பிரேதமாகிற குகனை ஏற்றுக்கொள்வதாகப் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிரதி ஒன்று தந்தா. அதை வீட்டு அலுமாரியில் ஆரணியின் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

நாதன் அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள். செய்தி வருகிற நாளில் நான் போவேன். அவனை முகம் வழித்து, கழுவி, படகில் ஏற்றி நயினாதீவுக்குக் கொண்டுவருவேன். அறிவித்தல் ஒட்டுவதென்றால் நானே எழுதுவேன்: குகன், நயினாதீவு.